ஆங்கிலச் சொற்சேர்க்கைகள்: படிப்பதில் நேரும் தவறுகள்

சொற்கள் ஏராளமாகத் தெரிந்தும் ஆங்கிலத்தில் பேசத் தடுமாறுபவர்கள் பலர். தனித்தனியாக மனப்பாடம் செய்த சொற்களைப் பேசும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தேடிக் கோர்க்க வேண்டியிருப்பது இதற்கு முக்கியக் காரணம். சேர்ந்தே வரும் சொற்களைச் சேர்த்தே படித்துவிட்டால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும்.

பெரிய தவறு, தமிழ்ச் சேர்க்கையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது. தமிழில் காற்றும் பலத்த காற்று, மழையும் பலத்த மழை. ஆங்கிலத்திலோ காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’, மழை ‘ஹெவி ரெய்ன்’. ‘ஸ்ட்ராங் ரெய்ன்’ என்றாலும் புரியும், ஆனால் காதில் உறுத்தும். இதற்கு இலக்கண விதி தேட வேண்டாம், வழக்கே அப்படித்தான். ‘ஆஸ்க் எ டவுட்’ என்பதும் ‘சந்தேகம் கேட்பது’ என்பதிலிருந்து வந்ததே; ‘ஆஸ்க் எ கொஸ்டின்’ என்பதே இயல்பு.

குறிப்பு எடுக்கும்போது பெயர்ச்சொல்லைத் தலைப்பாக வையுங்கள். பேச நினைக்கையில் பெரும்பாலும் முதலில் மனதில் வருவது அதுதான். ‘டிசிஷன்’ என்று எழுதி, கீழே ‘மேக் எ டிசிஷன்’, ‘ரீச் எ டிசிஷன்’, ‘எ டஃப் டிசிஷன்’ என மூன்று எழுதினால் போதும். சின்னச் சொற்களை விட்டுவிடாதீர்கள். ‘டிபெண்ட் ஆன்’ என்று சேர்த்து எழுதாமல் ‘டிபெண்ட்’ என்று மட்டும் எழுதினால் ‘ஆன்’ வருமா ‘இன்’ வருமா என்று பேச்சின் நடுவே திணற நேரும். ‘டிஸ்கஸ்’ அதற்கு நேர்மாறு: ‘டிஸ்கஸ் த ப்ளான்’ தான், நடுவில் ‘அபவுட்’ கூடாது.

‘மேக்’ சேர்ந்து வரும் தொடர்களின் பட்டியலையும் ‘டூ’ சேர்ந்து வரும் தொடர்களின் பட்டியலையும் ஒரே நாளில் படிப்பவர்களுக்கு இரண்டும் குழம்பிப்போகும். அதைவிட, வங்கி, நேர்காணல், மருத்துவமனை என்று சூழலுக்கு ஏற்பப் பிரித்துப் படிக்கலாம். அரிதான மரபுத்தொடர்கள் பிறகு வரட்டும்.

கண்ணால் மட்டும் படிப்பதும் போதாது. ‘மேக் எ மிஸ்டேக்’ என்பதை ஒரே மூச்சில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறுத்தம் தேவையென்றால் தொடருக்கு முன்னோ பின்னோ நிறுத்தலாம், ‘மேக்’ சொல்லிவிட்டு நிற்கக் கூடாது. பிறகு காலத்தையும் ஆளையும் மாற்றுங்கள்: ‘ஐ மேட் எ மிஸ்டேக்’, ‘ஷி நெவர் மேக்ஸ் மிஸ்டேக்ஸ்’, ‘டிட் ஐ மேக் எ மிஸ்டேக்?’. ஒரே வடிவத்தைப் பழகியவர்கள் இறந்தகாலம் வந்ததும் திக்குவார்கள். நாளுக்கு 5 தொடர்கள் போதும். அவற்றை மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என நோட்டைப் பார்க்காமல், சொந்த வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.