டாரட் ரீடிங்ல நீங்க மட்டுமே பேசிட்டு இருக்கீங்களா?

புதுசா டாரட் (படம் போட்ட கார்டுகளை வெச்சுப் பலன் பாக்குறது) பழகுறவங்க ஒருத்தருக்கு ரீடிங் பண்றப்போ இப்ப அடிக்கடி பக்கத்துல உக்காந்து பாக்குறேன், நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்பு திரும்பத் திரும்ப வருது, அதான் எழுதிடலாம்னு. 78 கார்டுக்கும் அர்த்தம் மனப்பாடம் ஆகலையேங்கறதெல்லாம் விடுங்க, பழகப் பழக வந்துடும்.

அவங்க வாய் திறக்கிறதுக்குள்ள நாம பேசி முடிச்சிடறது

இதை நினைச்சா எனக்கு இன்னும் எரிச்சலா வருது. கார்டைத் திருப்பின உடனே அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சிடறோம், அவங்க தலையாட்டுறாங்க, சரியா சொல்லிட்டோம்னு எடுத்துக்கறோம். மரியாதைக்குத் தலையாட்டுறவங்கதான் நிறைய பேர்.

ஒருத்தங்க குடும்ப விஷயம்னு சொல்லி வந்தாங்க. எய்ட் ஆஃப் கப்ஸ்ங்கற கார்டு விழுந்துச்சு. 1909ல வந்த ரைடர் டெக்ல (டெக்னா கார்டு கட்டு) பமேலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச படம் தெரியும்ல, எட்டு கோப்பையை விட்டுட்டு ஒரு ஆள் முதுகைக் காட்டி நடந்து போவாரு, மேல நிலா. "நீங்க ஒரு உறவை விட்டு விலகுற நேரம்"னு பத்து நிமிஷம் மூச்சு விடாம பேசினேன். ஆறு மாசம் கழிச்சு வந்து சொல்றாங்க, "அதுல நடந்து போறது நான் இல்லங்க, எங்க அண்ணன். நான் அந்தக் கோப்பைங்க பக்கம் நிக்கிறேன்." அண்ணன்கிட்ட மறுபடி எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு கேக்கத்தான் அன்னைக்கு வந்திருக்காங்க, என் பேச்சை நம்பி ஆறு மாசம் ஒரு போன் கூட பண்ணல. "இந்தப் படத்துல நீங்க எங்க இருக்கீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

இப்பல்லாம் கார்டைத் திருப்பிட்டு, முதல்ல கண்ணுல பட்டது என்னன்னு கேட்டுட்டு காத்திருப்பேன். ஃபைவ் ஆஃப் கப்ஸ்ல கொட்டிப்போன மூணு கோப்பையைத்தான் பாப்பாங்கன்னு நினைப்போம், சிலர் நேரா பின்னாடி இருக்கிற பாலத்தைப் பாப்பாங்க, அப்போ பேச்சே வேற பக்கம் போகும். புத்தக அர்த்தம் அதுக்கப்புறம்தான், அதுவும் "இப்படியும் சொல்வாங்க, உங்களுக்கு ஒத்து வருதா?"ன்னு. இல்லன்னாங்கன்னா விட்டுடுங்க, வாதாடாதீங்க.

வந்த கேள்வியை அப்படியே எடுத்துக்கறது

"அவர் திரும்பி வருவாரா?"க்கு கார்டுல பதில் தேடாதீங்க. வந்தா என்ன, வரலன்னா என்னன்னு கேட்டு, ரெண்டு பேருமா சேர்ந்து கேள்வியை மாத்திட்டு அப்புறம் கார்டைக் கலைங்க.

எடுத்த எடுப்பிலேயே செல்டிக் கிராஸ்

அது பத்து கார்டை விரிச்சுப் பாக்குற முறை. ஆரம்பத்துல பத்து வேண்டாம். மூணு போதும்.

நோய், கோர்ட் கேஸ்

கார்டே எடுக்காதீங்க. டாக்டர், வக்கீல்.

டெத் கார்டு வந்ததும் சமாதானம் சொல்றது

பயந்தாங்களான்னு முதல்ல கேளுங்க. ஒருத்தர் அதைப் பாத்துட்டு "அப்பாடா, முடிஞ்சுதா"ன்னு மூச்சு விட்டார்.