கறிவேப்பிலைச் செடியிலிருந்து பட்டாம்பூச்சி வரை: பிள்ளைகளோடு ஒரு மாதம்

பிள்ளைகளுக்கு ஓர் உயிரின் முழு வாழ்க்கையைக் கண்முன் காட்ட, பூச்சிமருந்து படாத கறிவேப்பிலைச் செடி ஒன்று போதும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் அதில் முட்டையிடும். எருக்கஞ்செடியிலும் புழு சுலபமாகக் கிடைக்கும்தான். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் சிறுபிள்ளைகளுக்கு அது வேண்டாம். முடி முளைத்த கம்பளிப்புழுக்களும் வேண்டாம், தொட்டால் அரிக்கும்.

முட்டை இளந்தளிரில்தான் இருக்கும். எனவே தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செடியின் நுனிகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையும் மிச்சம். தளிரின் மேலும் அடியிலும் பார்த்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சளாக, உருண்டையாக ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். கூட்டமாக இருந்தால் அது வேறு ஏதோ பூச்சியின் முட்டை. முட்டையைச் சுரண்டி எடுக்காமல் தளிரோடு நறுக்கி எடுங்கள். ஐந்து பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு இரண்டு முட்டை போதும். ஆளுக்கு ஒன்று என்று ஆசைப்பட்டால் கடைசி வாரத்தில் இலைக்கு அலைய நேரிடும். வளர்ந்த புழுக்கள் நான்கைந்து சேர்ந்தால் ஒரு தொட்டிச்செடியை மொட்டையாக்கிவிடும். கடைக் கறிவேப்பிலையை வாங்கி ஈடுகட்டவும் முடியாது. அதில் மருந்து தெளித்திருந்தால் ஒரே இரவில் புழுக்கள் கருத்துச் சுருண்டு செத்துவிடும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

கூண்டுக்கு ஒரு அடி உயரமாவது இருக்கும் பிளாஸ்டிக் ஜாடியோ அட்டைப்பெட்டியோ எடுத்து, வாயில் கொசுவலைத் துணியை விரித்து ரப்பர் பேண்டு போடுங்கள். மூடியில் நாலு ஓட்டை போட்டால் போதாது. உள்ளே வியர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடித்து, புழு வயிற்றுப்போக்கில் சாகும். அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். சிறு மருந்துக்குப்பியில் தண்ணீர் நிரப்பி, கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி, வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். இடைவெளி இருந்தால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். எறும்பு வருமென்றால் கூண்டைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் உயர்த்தி வையுங்கள்.

மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரியும். புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். அடுத்த பத்து நாள் போலப் பறவை எச்சம்போலக் கருப்பும் வெள்ளையுமாக இருந்து, நான்காம் முறை தோல் உரித்ததும் பளிச்சென்று பச்சையாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது தப்பாக வரைவது இதன் தலையைத்தான். முன்பக்கம் கண்போலத் தெரிவது வெறும் பொட்டு. நிஜத் தலை அதற்குக் கீழே மடங்கி, சின்னதாக இருக்கும். லென்ஸைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். புல்லால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்று நீட்டிக்கொண்டு வந்து நாற்றமடிக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

இலை மாற்றும்போது புழுவைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது இருக்கும் இலைத்துண்டை நறுக்கிப் புதுக் கொத்தின்மேல் வையுங்கள், தானே ஏறிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல், அசையாமல் இருந்தால் நோய் என்று பதற வேண்டாம், தோல் உரிக்கத் தயாராகிறது. அப்போது தொட்டால்தான் கெடும். உரித்த தோலைப் புழு தின்றுவிடும், ஆனால் முகமூடிபோன்ற தலை ஓடு தாளில் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கித் தேதியோடு நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். உடல் நீளத்தை நூல் வைத்துத் தினமும் அளந்து எழுதட்டும். உடல் நாளும் நீள்வதும், தலை உரிப்புக்கு உரிப்பு மட்டுமே பெரிதாவதும் அவர்களுக்கே பிடிபடும்.

வாரம் ஒரு நாள் கூடும் வகுப்பில் இந்த நிகழ்ச்சி சரிப்படாது. முக்கியமானதெல்லாம் நடுவாரத்தில் நடந்து முடிந்திருக்கும். தினம் பத்து நிமிடம் கிடைக்காவிட்டால் கூண்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள்.

ஒரு நாள் புழு நீர்த்த எச்சம் போட்டுவிட்டு அங்குமிங்கும் அலையும். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே ஒரு கூண்டில் பச்சைத் தண்டும் இலையும், இன்னொன்றில் காய்ந்த சொரசொரப்பான குச்சியும் வைத்துவிடுங்கள். கூடு பச்சையாகுமா, பழுப்பாகுமா? பிள்ளைகளின் ஊகத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப அமையும், சிலசமயம் ஏமாற்றும். இரண்டு கூட்டை வைத்து முடிவுகட்டாமல், எல்லாக் குழுக்களின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பில் நூல்கட்டித் தொங்கிய பிறகு குச்சியை மாற்றுவது வீண், நிறம் அதற்குள் முடிவாகிவிடும்.

எட்டு முதல் பன்னிரண்டு நாளில், கூட்டின் தோல்வழியே இறக்கையின் கருப்பு தெரிந்தால் அநேகமாக மறுநாள் காலை பூச்சி வெளிவரும். சுருங்கிய இறக்கை கால்மணி நேரத்துக்குள் விரியும். கீழே விழுந்துவிட்டால் உடனே ஒரு குச்சியை நீட்டி ஏறவிடுங்கள். தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை கசங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு சரியாகாது. செந்நிறத் துளி விழும். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டு, மழையில்லாத பகலில் திறந்துவிடுங்கள்.

சில கூடுகளில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வெளிவரும், அல்லது வெள்ளைப் புழு ஒன்று இறங்கி ஈயாகும். வெளியில் வளர்ந்த பெரிய புழுவை எடுத்து வந்தால் இது சகஜம், முட்டையிலிருந்து வளர்த்தால் குறையும். அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடிய குப்பியில் வைத்து எத்தனை குளவி வந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சி வரவில்லையே என்று அழுத பிள்ளைதான் பெரும்பாலும் அதிகக் கேள்வி கேட்கும்.