மலைக்காட்டில் கனிய வள மதிப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குக் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் முதலில் உதறவேண்டியது, நமது மண் பழக்கிவிட்ட பார்வையை. குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கீரிமலைக் கரையில் பார்க்கும் அதே இனக் கல்தான் பல மைல் தள்ளிக் கிணறு வெட்டினாலும் வருகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் அப்படியில்லை. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி மடிந்த பாறைகள் அவை. குவார்ட்சைட்டை அடுத்தே பளிங்குக்கல் தொடங்கிவிடும். பாதையோரத்தில் பொறுக்கிய கல்லை வைத்து முழுச் சரிவுக்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

மிகுதியான பிழைகள் நடப்பது ஓடை வண்டலில்தான். மலைப்பாறையைக் காடும் ஆழச் சிதைந்த மண்ணும் மூடியிருப்பதால், மேலே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்வது ஓடைதான். மழைநீர் நிலத்துக்குள் இறங்கிவிடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு நீரேந்து பரப்பு, அதாவது ஓர் ஓடைக்கு நீர் வந்துசேரும் முழு நிலப்பரப்பு, என்பது எளிதில் மனதில் பதிவதில்லை. மாதிரி எடுத்த இடத்திலேயே கனியம் இருப்பதாக வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். அந்த வண்டலோ மேலேயுள்ள சரிவு முழுவதிலிருந்தும் வந்தது. புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட் என்ற கரிய கனியமும் உள்நாட்டுப் பாறைகளிலிருந்து அரித்துவரப்பட்டதுதானே! ஆகவே, கனிய அளவு கூடுதலாகக் காட்டும் ஓடையில் மேல்நோக்கி நடந்து, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் மீண்டும் மாதிரி எடுங்கள். கரை இடிந்து விழுந்த மண்ணைத் தொடாதீர்கள். நீரோட்டத்தின் நடுவே பல இடங்களில் சிறிது சிறிதாக அள்ளி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் கீழே எடுத்தால் வீதியின் கழிவும், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே எடுத்தால் உரமும் கலந்திருக்கும்.

காரீயத் (கிராஃபைட்) துகள் மின்னினால் சுரங்கம் என்று எழுதுவதும் தவறு. மலைநாட்டுப் பாறைகளில் சிதறிய துகள்கள் சாதாரணம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டுவது, பாறைப் பிளவுகளில் செறிந்து கிடக்கும் காரீய நாளங்களை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, தேடாத இடத்தைப் பற்றி ‘வளம் இல்லை’ என்று எழுதும் அறிக்கைகள். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் (Wilderness Act), இயற்கை நிலையிலேயே காக்கப்படும் காடுகளின் கனிய வளத்தை ஆராயச் சொன்னது. அங்கு வளர்ந்த முறையில் வாய்ப்பு எவ்வளவு, சான்று எவ்வளவு உறுதி என்ற இரண்டும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. ‘குறைவு’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு.

அகழலாமா என்பது இவற்றுக்கு அப்பாற்பட்ட கேள்வி. நக்கிள்ஸ் 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதி. அங்கே மாதிரி எடுக்கவே முன் அனுமதி வேண்டும். பயணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.