கழுத்தில் மறுபடி ஆபரேஷனா? சம்மதிக்கும் முன் செய்ய வேண்டியவை

கழுத்தெலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் ஆபரேஷனுக்குப் பிறகும் வலி இருந்தால், அது எப்போது திரும்பியது என்று முதலில் தேதியோடு எழுதுங்கள். காரணத்தைப் பாதி அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு நாள்கூடக் குறையவில்லையா? நரம்பு இன்னும் அழுந்தியிருக்கலாம். அல்லது வலிக்குக் காரணமான கோளாறு முதலிலிருந்தே தோள் மூட்டிலோ மணிக்கட்டிலோ இருந்திருக்கலாம். சில மாதம் நன்றாக இருந்துவிட்டுக் கழுத்தில் வலித்தால், எலும்பு கூடியதா, அதாவது ஒட்டி ஒன்றானதா என்று பார்க்க வேண்டும். சில வருடம் கழித்துக் கையில் புதிதாக மரத்துப்போனால், இணைத்த இடத்துக்கு மேலோ கீழோ உள்ள டிஸ்க்தான் முதல் சந்தேகம்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. அது நரம்பைக் காட்டும். எலும்பு கூடியதைக் காட்ட மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேனும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டும். எலும்பு முழுக்கக் கூட ஒரு வருடம்கூட ஆகலாம். மூன்றாம் மாத சி.டி.யை வைத்து "ஃபெயில்" என்று முடிவுகட்டாதீர்கள். கூடாத எலும்பு வலிக்காமலும் நரம்பை அழுத்தாமலும் இருந்தால், பெரும்பாலும் கத்தி தேவையில்லை.

பழைய ஆபரேஷன் நோட்டையும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரையும் (உள்ளே பொருத்திய ஸ்க்ரூ போன்றவை எந்தக் கம்பெனி என்று காட்டும் சீட்டு) மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை பெரும்பாலும் இருக்காது. ஒரு கம்பெனி ஸ்க்ரூவின் தலைக்கு இன்னொரு கம்பெனியின் ஸ்க்ரூடிரைவர் பொருந்தாமல் போகலாம். தியேட்டரில் கழுத்தைத் திறந்த பிறகு அது தெரியவரக்கூடாது.

மறுபடி முன்பக்கம் திறப்பதென்றால், அதற்கு முன் இ.என்.டி. மருத்துவர் குரல்நாண்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் ஆபரேஷனில் ஒரு பக்க நாண் செயலிழந்தும் குரல் சரியாகவே இருக்கலாம். அது தெரியாமல் எதிர்ப்பக்கமாகப் போய் இன்னொன்றும் போனால் மூச்சே திணறும். எலும்பு கூடாததற்குப் பின்கழுத்து வழியாக ஸ்க்ரூ போடுவதும் உண்டு. கூடும் வாய்ப்பு அதில் நன்று. தசை வலியும் புண்ணில் சீழ் பிடிப்பதும் அதிகம்.

பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்துங்கள். எலும்பு கூடாததற்கு அது பெரிய காரணம். சர்க்கரை, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி மூன்றையும் சோதியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சென்னையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையோ, எதுவானாலும் இந்த ஆபரேஷனுக்கு முன்அனுமதி வந்துவிட்டதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டே அட்மிட் ஆகுங்கள்.

முன்பக்க ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் சகஜம்; ரசத்தில் குழைத்த சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி இறங்கும். ஆனால் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்: வார்டில் நர்ஸைக் கூப்பிடுங்கள், வீட்டில் 108.

சட்டைப் பொத்தான் போட வராமல், சோறு பிசைய விரல் ஒத்துழைக்காமல், காலிலிருந்து செருப்பு நழுவுவதே தெரியாமல் போனால் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றே போங்கள்.