ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா பழகலாம்: சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை, அதாவது இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்துக் கையால் ஃபோகஸ் செய்யும் கேமராவை, புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "நான் ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார்." லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவின் பழக்கத்தில் இதை எடுத்தால் அப்படித்தான் ஆகும். எஸ்எல்ஆரில் கேமராவைக் கண்ணில் வைத்த பிறகுதான் எல்லா வேலையும் தொடங்குகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸின் பெரும்பகுதியை அதற்கு முன்பே விரல் முடித்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தை விரலுக்குக் கொண்டுவரத்தான் இந்தப் பயிற்சி. தனியாகச் செய்யலாம். நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஒருவரை நிற்க வைத்து இன்னொருவர் பழகலாம்.

என்னென்ன வேண்டும்

ஒரு கேமரா, 35 அல்லது 50 மிமீ லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம், 36 படம் உள்ள ஒரு ரோல், அளவு நாடா, சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில். இந்த வகையில் பெயர்பெற்ற லைக்காதான் வேண்டும் என்றில்லை. லென்ஸ் கழற்ற முடியாத கேனன் கேனோனெட் கியூஎல்17 போன்றவை பழகுவதற்குப் போதும். யாஷிகா எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும், நீங்கள் வைப்பது அபர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் திறப்பின் அளவு) மட்டும். ஸோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராவாக இருந்தால் ஃபிலிமை முன்னே தள்ளிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். முதலில் மாற்றினால் உள்ளே இருக்கும் அமைப்பு கெட்டுப்போகலாம்.

டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருந்தால் பின்திரையை இரண்டு நாளும் அணைத்து வையுங்கள். பார்க்கவே கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

சனி காலை: ஃபிலிம் போடாமல் கேமராவைச் சோதிப்பது

கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். பெரியது வ்யூஃபைண்டர், அதன் வழியாகக் காட்சி தெரிகிறது. தள்ளியிருக்கும் சின்ன ஜன்னலில் நுழையும் ஒளி, பாதி ஊடுருவும் கண்ணாடி ஒன்றில் பட்டு, அதே காட்சியின் மேல் நடுவில் ஒரு சின்னக் கட்டமாக விழுகிறது. இரண்டு ஜன்னல்களும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் உருவம் இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருப்பும்போது உள்ளே ஒரு நெம்புகோல் நகர்ந்து இரண்டாவது உருவத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம்தான் ஃபோகஸ்.

ஜன்னல்களுக்கு இடையே தூரம் கூடக் கூட, வ்யூஃபைண்டர் உருப்பெருக்கம் கூடக் கூட, ஃபோகஸ் துல்லியமும் கூடும். 1954ல் வந்த லைக்கா எம்3யின் உருப்பெருக்கம் ஏறக்குறைய 0.91. அதனால் 50, 90 மிமீ லென்ஸுக்கு அது மிகவும் வசதி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே படம் எடுக்கலாம். ஆனால் 35 மிமீ லென்ஸில் படம் எதுவரை விழும் என்று காட்டும் சட்டக் கோடுகள் அதில் இல்லை. அடுத்து வந்த எம்2வில் உருப்பெருக்கத்தை 0.72 ஆகக் குறைத்து அந்தக் கோடுகளைச் சேர்த்தார்கள்.

இப்போது சோதனை. லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, மிகத் தொலைவில் உள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ பாருங்கள். உருவம் ஒன்றாகத் தெரிய வேண்டும். இடம் வலமாக விலகியிருந்தால் தூர அளவு பிசகியிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கித் தெரிந்தால் அது வேறு திருத்தம். இரண்டுமே பழுது பார்ப்பவரின் வேலை, நீங்களாகத் திருகாணியில் கை வைக்காதீர்கள். அடுத்து நாடாவால் சரியாக 1 மீட்டர் அளந்து ஒரு பொருளை வையுங்கள். லென்ஸிலிருந்து அளக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து அளக்க வேண்டும். சில கேமராக்களின் மேல்தகட்டில் வட்டத்தின் நடுவே கோடு போட்ட குறி இருக்கும், அதுதான் அந்தத் தளம். இரட்டை உருவம் சேர்ந்ததும் லென்ஸ் காட்டும் எண் 1க்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

உருவம் பக்கவாட்டில் மட்டுமே நகர்வதால், ஜன்னல் கம்பி, கதவு விளிம்பு போன்ற நெட்டுக்கோடுகளில் ஃபோகஸ் சுலபம். படிக்கட்டு போல் கிடைக்கோடு மட்டும் இருந்தால் எது சேர்ந்தது என்றே தெரியாது. கேமராவைச் சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டு நேராக்குங்கள். பழைய கேமராவில் நடுக்கட்டம் மங்கியிருந்தால் வ்யூஃபைண்டரின் முன் கண்ணாடி நடுவில் ஒரு துளி கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள். சுற்றியுள்ள காட்சி அங்கே மறைந்து கட்டம் பளிச்சென்று தெரியும்.

சனி பிற்பகல்: விரலுக்குத் தூரம் பழக்குவது

பயிற்சியின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். 1932ல் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே பொருத்திய லைக்கா II வரும்வரை லைக்கா வைத்திருந்தவர்கள் தூரத்தைத் தனிக் கருவியில் பார்த்தோ கண்ணால் மதிப்பிட்டோ லென்ஸில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மதிப்பீடு இன்றும் வேண்டும்.

தரையில் 1, 1.5, 2, 3, 5 மீட்டரில் குறி போடுங்கள். நண்பர் ஒவ்வொரு குறியிலும் நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் லென்ஸின் ஃபோகஸ் பிடி (விரல் வைத்துத் திருப்பும் சின்ன நீட்சி) எந்தப் பக்கம் நிற்கிறது என்று விரலால் உணர்ந்து நோட்டில் எழுதுங்கள். பிடி நேர் கீழே இருக்கும்போது எத்தனை மீட்டர்? இது லென்ஸுக்கு லென்ஸ் மாறும், உங்களுடையதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடி இல்லாத லென்ஸ் என்றால் வளையத்தில் ஒரு சின்ன ரப்பர் துண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் குறிகளை அழித்துவிட்டு, நண்பரை இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கேமராவை மார்பளவில் வைத்தபடியே தூரத்தை மதிப்பிட்டு லென்ஸைத் திருப்புங்கள். பிறகு கண்ணில் வைத்து இரட்டை உருவம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, மீதியைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை முடிந்ததும் லென்ஸை முடிவிலிக்குத் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். தொடங்கும் இடம் எப்போதும் ஒன்றாக இருந்தால்தான் எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கைக்குப் படியும். விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுவது போலத்தான் இதுவும். முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும்.

சட்டக் கோடுகளும் ஃபிலிம் போடுவதும்

நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. கேமராவின் பின்னாலிருந்து பார்த்தால் லென்ஸ் உங்கள் கண்ணுக்குக் கீழே, வலப்புறமாக இருக்கிறது. தூரத்தில் இது பெரிய விஷயமில்லை. ஒரு மீட்டரில் தலை வெட்டுப்படும். பல கேமராக்களில் ஃபோகஸ் செய்யும்போதே கோடுகள் நகர்ந்து இதை ஈடுசெய்யும். நகராத கேமராவில் கிட்டத்துப் படத்துக்குத் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஃபிலிம் போட்டு மூடியதும், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு ஃபிலிமைத் தள்ளுங்கள். கூடவே அந்தக் குமிழும் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் மாட்டவில்லை. லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் வ்யூஃபைண்டரில் காட்சி தெளிவாகத் தெரியும் என்பதால், மூடியை ஞாயிறு முழுக்க வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஞாயிறு: ஒரு ரோல், மூன்று பகுதி

வெளிச்சத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 400க்கு நல்ல வெயிலில் அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் 1/500 வினாடி. அல்லது எஃப் 11, 1/1000. திறந்தவெளி நிழலில் எஃப் 8, 1/125. வெளிச்சம் மாறும்போது மட்டும் இதைத் தொடுங்கள், படத்துக்குப் படம் வேண்டாம்.

முதல் 12 படம்: ஃபோகஸை 3 மீட்டரில் வைத்துவிட்டு அதைத் தொடவே கூடாது. 35 மிமீ லென்ஸில், எஃப் 8ல், ஏறக்குறைய 1.9 முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். எஃப் 11ல் 1.7 முதல் 15 வரை. 50 மிமீ என்றால் எஃப் 8ல் 2.3 முதல் 4.2 மீட்டர்தான், ஆகவே இன்னும் கவனமாக நில்லுங்கள். உங்கள் வேலை அந்த எல்லைக்குள் ஆள் வரும் நேரத்தைக் கணிப்பது. தெருவில் நடந்துகொண்டே செய்ய இதுதான் ஏற்றது. யாராவது வேண்டாம் என்று கை காட்டினால் விட்டுவிடுங்கள்.

அடுத்த 12: நேற்றுப் பழகியபடி விரலால் தூரம் வைத்து, கண்ணில் கடைசித் திருத்தம் மட்டும் செய்து எடுங்கள். நோட்டில் மதிப்பிட்ட தூரத்தையும் திருத்திய பின் வந்த தூரத்தையும் எழுதுங்கள்.

கடைசி 12: அபர்ச்சரை முழுதாகத் திறந்து, 1 முதல் 1.5 மீட்டருக்குள் ஒருவரின் முகம். கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். இங்கே ஃபோகஸ் செய்த பின் நீங்கள் மூச்சுவிடும்போது உடல் சாய்ந்தாலே படம் தவறும். லென்ஸை மறுபடி திருப்புவதைவிட, தலையை மட்டும் லேசாக முன்னும் பின்னும் அசைத்து உருவம் சேரும் கணத்தில் ஷட்டரை அழுத்துவது எளிது. இருக்கும் 12ல் ஒன்றை மட்டும் சோதனைக்கு ஒதுக்குங்கள்: மேசையில் ஐந்து புத்தகங்களைச் சாய்வான வரிசையில் நிறுத்தி, நடுப் புத்தகத்தின் விளிம்பில் ஃபோகஸ் செய்து எடுங்கள்.

கழுவுவது, நெகடிவ் பார்ப்பது

கழுவக் கொடுப்பதானால் கொடுத்துவிடுங்கள். வீட்டில் செய்பவர்களுக்கு: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிம் என்றால், ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். முதல் 10 வினாடி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 வினாடி தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

நெகடிவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நோட்டைப் பக்கத்தில் வையுங்கள். முதல் 12ல் தெளிவில்லாத ஆட்கள் பெரும்பாலும் மிகக் கிட்டத்தில் வந்தவர்களாக இருப்பார்கள். அடுத்த முறை ஃபோகஸை 2.5 மீட்டரில் வைத்துப் பாருங்கள். நடுப் பன்னிரண்டில் உங்கள் மதிப்பீடு எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறதா என்று பாருங்கள். எப்போதுமே கூடுதலாக மதிப்பிடுபவர் அதைத் தெரிந்துகொண்டாலே பாதி சரியாகிவிடும். எல்லாம் மங்கலாக, கோடு இழுத்தது போல இருந்தால் அது ஃபோகஸ் பிழையல்ல, கை ஆடியிருக்கிறது.

புத்தகப் படத்தில் நடுப் புத்தகத்துக்குப் பதிலாக முன்னால் அல்லது பின்னால் உள்ளது தெளிவாக இருந்தால், ஒரே படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். கேமராவை முக்காலியில் வைத்து அதையே மூன்று முறை புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். மூன்றிலும் அதே புத்தகம்தான் தெளிவு என்றால் பிசகு கேமராவிலோ லென்ஸிலோ இருக்கிறது. அந்த நெகடிவையும் கூடவே எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை அவர் அதிலிருந்தே பார்த்துக்கொள்வார்.