வாக்குரிமை பேசும் கலைக் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி?

வாக்குரிமை, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட சமகாலக் கலைக் கண்காட்சிக்கு முதன்முறையாகப் போகிறவர் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார். ஓவியங்களையும் சிற்பங்களையும் எதிர்பார்த்துப் போன இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியும், ஒரு குறிப்பேடும், தட்டச்சு செய்த ஒரு தாளும், ஆளில்லாத ஒரு மேடையும் இருக்கின்றன. எதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார். இந்த இழப்பு தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இவ்வகைக் கலைக்கு அங்கே நீண்ட மரபு இருக்கிறது. அங்கேயே வாழும் தமிழரும், பிள்ளைகளைப் பார்க்கப் போய்ச் சில மாதங்கள் தங்கிவரும் பெற்றோரும் அந்தக் காட்சிக்கூடங்களுக்குப் போய்வரும் வாய்ப்பும் இருக்கிறது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உரிமை பறிபோவது தடியடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் மட்டுமன்று. படிவத்தில் உள்ள ஒரு கேள்வியிலும், நகராத வரிசையிலும், பட்டியலில் விடுபட்ட பெயரிலும், நாளைக்கு வரச் சொல்லும் எழுத்தரின் குரலிலும் அது பறிபோகிறது. அதனால்தான் இத்துறையில் இயங்கும் கலைஞர்கள் படிவத்தையும் வரிசையையும் பெட்டியையும் பதிவேட்டையுமே தங்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். எனவே ஒரு படைப்பின் முன் நிற்கும்போது, அது அழகாக இருக்கிறதா என்று கேட்பதைவிட, இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, அதில் என்னை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று கேட்பதே பயன் தரும்.

போவதற்கு முன்

சில ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு போவது அவசியம். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆம் திருத்தம் 1870இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. ஆனால் தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி போன்ற வழிகளால் கறுப்பின மக்களை ஏறத்தாழ நூறாண்டுகள் வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தன. பெண்களுக்கான திருத்தம் 1920இல் வந்தது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த சுமார் 600 பேரை மாநிலக் காவலர்கள் அடித்து விரட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு மத்திய அரசின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதுகெலும்பாக இருந்தது. எந்தெந்த மாநிலங்கள் அனுமதி பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை 2013இல் ஷெல்பி கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியதால் அந்த முதுகெலும்பு முறிந்தது. ஆகவே விளக்க அட்டையில் படைப்பின் ஆண்டைப் பார்த்தவுடன், அது 1965க்கு முந்தியதா, 2013க்குப் பிந்தியதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வெற்றியின் நினைவாகச் செய்யப்பட்ட படைப்பும், கைக்குக் கிடைத்ததை மீண்டும் இழந்துவிடுவோமோ என்ற கவலையில் செய்யப்பட்ட படைப்பும் ஒரே அறையில் அருகருகே தொங்கும்போது இந்தக் கணக்கு இல்லாமல் வேறுபாடு தெரியாது.

தாளை வாசிக்காமல் நகராதீர்கள்

இத்தகைய கண்காட்சிகளில் ஆவணங்கள் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அவற்றை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் பெரிய நிறுவல் கலையை நோக்கிப் போய்விடுகிறார்கள். அது தவறு. 1960களில் லூசியானாவில் பயன்பட்டதாக அறியப்படும் எழுத்தறிவுத் தேர்வுத் தாள் அவ்வப்போது காட்சிக்கு வைக்கப்படுகிறது. அதில் 30 கேள்விகளுக்கு 10 நிமிடத்தில் விடை எழுத வேண்டும்; ஒன்று தவறினாலும் தோல்விதான். முதல் கேள்வியே, இந்த வாக்கியத்தின் எண்ணை அல்லது எழுத்தைச் சுற்றி ஒரு கோடு வரைக என்கிறது. எண்ணையா, எழுத்தையா? வட்டமா, நேர்கோடா? எப்படி வரைந்தாலும் அது தவறு என்று சொல்ல அதிகாரிக்கு இடம் இருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பேழையின் முன்னாலேயே நின்று மனத்துக்குள் விடை எழுதிப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். அந்த வியர்வையைத்தான் அக்கண்காட்சி உங்களுக்குக் காட்ட விரும்புகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே வேறொரு தாளும் நினைவுக்கு வர வேண்டும். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தை அத்தீவில் பிறந்ததற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பிறந்து தேயிலை மலைகளிலேயே மடிந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் 1952 தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனது. லூசியானாவின் தாளைப் பார்க்கும் தமிழர், அதை வேறு யாருடைய துயரமாகவோ எண்ணிக் கடந்து போக வேண்டியதில்லை.

படைப்பு உங்களைக் கேட்கும்போது செய்யுங்கள்

சில படைப்புகள் பார்வையாளர் ஏதாவது செய்தால்தான் முழுமை பெறும். இவற்றுள் முன்னோடியானது, கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே 1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமைத்த வாக்கெடுப்பு. சுவரில் ஒரு கேள்வி. கீழே ஒளி ஊடுருவும் இரண்டு பெட்டிகள். நுழைவாயிலில் கொடுக்கப்படும் ஒரு வாக்குச்சீட்டு. வியட்நாம் உள்ளிட்ட இந்தோசீனப் பகுதியில் அதிபர் நிக்சன் கடைப்பிடித்த கொள்கையை ஆளுநர் ராக்கஃபெல்லர் கண்டிக்காதது, நவம்பரில் அவருக்கு வாக்களிக்காமல் இருக்க உங்களுக்கு ஒரு காரணமாகுமா என்பதே கேள்வி. நெல்சன் ராக்கஃபெல்லர் அப்போது நியூயார்க் மாநில ஆளுநர்; அந்த அருங்காட்சியகத்தை நிறுவிய மூன்று பெண்களுள் அவருடைய தாயும் ஒருவர்; அவரே அதன் தலைவராகவும் இருந்தவர். ஆம் என்ற பெட்டி, இல்லை என்ற பெட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியது. பெட்டி ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்ததால் எந்தப் பக்கம் உயர்கிறது என்பதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். ஆனால் அதே காரணத்தால் வாக்கின் மறைவும் அங்கே இல்லாமல் போயிற்று. சீட்டைப் போடும் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை அருகில் நிற்பவர் பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட ஒரு பெட்டியின் முன் நிற்க நேர்ந்தால், சீட்டைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பிறர் எப்படிப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். தயங்கும் கைகளையும் சுற்றும் முற்றும் பார்க்கும் கண்களையும் காணும்போது, வாக்களிப்பது எவ்வளவு தனிப்பட்ட செயல் என்பது விளங்கும்.

இதைவிடக் கடினமான சோதனையை அமெரிக்கக் கலைஞர் ட்ரெட் ஸ்காட் வைத்தார். 1989இல் சிகாகோ கலைப் பள்ளி ஒன்றின் காட்சிக்கூடத்தில் அவர் வைத்த நிறுவல், அமெரிக்கக் கொடியைக் காட்சிக்கு வைக்கும் சரியான முறை எது என்று கேட்டது. சுவரில் ஒட்டுப்படம்: கொடி போர்த்திய சவப்பெட்டிகள், கொடியை எரிக்கும் தென்கொரிய மாணவர்கள். அதன் கீழே ஒரு பலகைத் தட்டில் குறிப்பேடு. அதற்கும் கீழே, தரையில், விரித்து வைத்த ஒரு கொடி. குறிப்பேட்டில் விடை எழுத விரும்புகிறவர் இயல்பாக வந்து நிற்கும் இடத்தில்தான் அந்தக் கொடி கிடந்தது. கொடியை மிதிக்காமலும் எழுதலாம். உடம்பைச் சாய்த்து, கையை எட்டி நீட்டி, வசதிக் குறைவோடு எழுதலாம். கலைஞர் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. முன்னாள் படைவீரர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதிபர் புஷ் அதை வெட்கக்கேடு என்றார். அவ்வாண்டே நாடாளுமன்றம் கொடிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஸ்காட்டும் தோழர்களும் நாடாளுமன்றப் படிக்கட்டில் கொடியை எரித்துக் கைதானார்கள். 1990 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

இத்தகைய படைப்பின் முன் நிற்கும்போது மூன்றைச் செய்யலாம் என்பது என் கருத்து. உங்கள் கால் தானாக எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு குறிப்பேட்டில் உங்கள் விடையை எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் அது விடைதான். அதன்பின் முந்தைய பக்கங்களைப் புரட்டி, உங்களுக்கு ஒவ்வாத கருத்து எழுதியவர்களின் வரிகளையாவது பொறுமையாக வாசியுங்கள். பேச்சுரிமை என்பது நமக்குப் பிடித்ததைச் சொல்லும் உரிமையாக மட்டும் இருந்தால் அந்தக் குறிப்பேட்டுக்கே தேவை இருந்திராது. கொடியின் மேல் கால் வைக்க உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் அதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை. அந்தத் தயக்கமும் படைப்பின் உள்ளேயே அடங்கியிருக்கிறது.

க்யூபாக் கலைஞர் தானியா புருகேரா 2009இல் ஹவானாவில் ஒரு மேடையும் ஒலிவாங்கியும் வைத்து, வருகிற யாருக்கும் ஒரு நிமிடம் தடையின்றிப் பேச இடம் கொடுத்தார். பேசுகிறவரின் தோளில் ஒரு வெள்ளைப் புறா வைக்கப்பட்டது. நிமிடம் முடிந்ததும் இராணுவச் சீருடை அணிந்த இருவர் அவரை இறக்கினார்கள். ஏறிய ஒரு பெண் பேசுவதற்குப் பதிலாக அழுதார். அதையே 2014 டிசம்பரில் ஹவானாவின் புரட்சிச் சதுக்கத்தில் நடத்த முயன்றபோது புருகேரா தடுத்து வைக்கப்பட்டார். காட்சிக்கூடத்துக்குள் கிடைத்த ஒரு நிமிடம் தெருவில் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து அறிந்தவருக்கே ஆளில்லாத மேடை பேசத் தொடங்கும்.

சுவர் யாருடையது என்று பாருங்கள்

நுழைவாயிலில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். அதைப் படிப்பது மரியாதைக் குறைவன்று. கண்காட்சியைப் பார்ப்பதில் அதுவும் ஒரு பகுதி. 1971இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம், நகரின் வாடகைக் குடியிருப்பு உடைமைகள் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொது ஆவணங்களிலிருந்தே எடுத்துக்காட்டிய ஹாக்கேயின் படைப்புகளைக் காரணம் காட்டி, அவருடைய தனிக் கண்காட்சியையே ரத்து செய்தது. அவருக்கு ஆதரவாக நின்ற கண்காட்சித் தொகுப்பாளர் எட்வர்ட் ஃப்ரை வேலையை இழந்தார். எனவே எது காட்சிக்கு வந்திருக்கிறது என்பதோடு, வந்திருக்கக்கூடிய எது இங்கே இல்லை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவில் இருப்பதும் கண்காட்சிதான்

2016இல் ஹாங்க் வில்லிஸ் தாமஸும் எரிக் காட்ஸ்மனும் தொடங்கிய ஃபார் ஃப்ரீடம்ஸ் என்ற கலைஞர் அமைப்பு, நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளையே காட்சிச் சுவராக்கியது. அவ்வாண்டு மிசிசிப்பியின் பேர்ல் நகரில் அவர்கள் வைத்த ஒரு பலகையில், 1965இல் செல்மா பாலத்தில் காவலர்களும் ஊர்வலத்தினரும் எதிரெதிரே நின்ற புகைப்படத்தின் மேல், அமெரிக்காவை மீண்டும் மகத்தாக்குவோம் என்ற டொனால்ட் டிரம்ப்பின் தேர்தல் முழக்கம் அச்சிடப்பட்டிருந்தது. மீண்டும் என்றால் எந்தக் காலத்துக்கு என்ற கேள்வியை அது எழுப்பியது. பார்த்தவர்கள் அதை நேரெதிரான இரண்டு பொருளில் எடுத்துக்கொண்டு சண்டையிட்டார்கள். இப்படிப்பட்டவற்றைப் பார்க்கும்போது கைபேசியில் விளக்கம் தேடுவதற்கு முன், உங்களுக்கு முதலில் தோன்றிய பொருளை ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கத்தைப் படியுங்கள். அந்த வரியை மாற்றாமல் வைத்திருங்கள்.

நேரமும் துணையும்

அறை அறையாக எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க முயல வேண்டாம். மூன்று படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம் கொடுத்தால் போதும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வன்முறைப் படங்கள் இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஜேக்கப் லாரன்ஸ் 1940–41இல் வரைந்த, தென்பகுதிக் கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்த கதையைச் சொல்லும் 60 சிறு ஓவியங்கள் நல்ல தொடக்கம். ஒற்றைப்படை எண் கொண்டவை வாஷிங்டனில் பிலிப்ஸ் தொகுப்பிலும், இரட்டைப்படை எண் கொண்டவை நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 59ஆவது ஓவியத்தின் பொருள், வடக்கே அவர்களுக்கு வாக்களிக்கும் சுதந்திரம் இருந்தது என்பதுதான்.

வாய்ப்புள்ளவர்கள் அலபாமாவின் மாண்ட்கோமரிக்குப் போய், 2018இல் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் காலை வேளையை ஒதுக்குங்கள். கும்பல் கொலைக்கு ஆளான 4,400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்காக, கவுண்டிக்கு ஒன்றாக 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள் அங்கே இருக்கின்றன. வாக்களிக்க முயன்றதற்காகவும் அக்காலத்தில் மனிதர்கள் இப்படிக் கொல்லப்பட்டார்கள். 1920 நவம்பரில் ஃப்ளோரிடாவின் ஒகோயியில் நடந்த தேர்தல் நாள் படுகொலையில் ஜூலை பெர்ரி என்ற கறுப்பினத்தவர் உயிரிழந்தது அவ்வாறுதான். நுழையும்போது தூண்கள் உங்கள் கண்மட்டத்தில் இருப்பதால் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. தூண்கள் அதே உயரத்தில் தொங்குகின்றன. கடைசியில் கழுத்தை நிமிர்த்தித்தான் அவற்றைப் பார்க்க முடியும். அந்தச் சரிவில் வேகமாக நடந்துவிடாதீர்கள்.

வெளியே வந்தபின், ஒவ்வொரு தூணுக்கும் ஓர் இணைத் தூண் புல்வெளியில் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அந்தந்தக் கவுண்டியினர் வந்து தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்று நிறுவ வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை அவை. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வசிக்கும் கவுண்டி தென்பகுதியில் இருந்தால், அதன் பெயரை அந்த வரிசைகளில் தேடிப் பாருங்கள்.