அலைக்கு அசையாத, கைக்குக் கழலும் ஸ்ப்ரேடெக்

கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகில் நாம் உட்காரும் துளை காக்பிட். இடுப்பைச் சுற்றி அணிந்து, தண்ணீர் புகாமல் அந்தக் காக்பிட்டை மூடும் துணிதான் ஸ்ப்ரேடெக். அதனிடம் நாம் கேட்பது இரண்டு. மேலே எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் அது கழலக் கூடாது. கயாக் கவிழ்ந்து தலைகீழாக இருக்கும்போது ஒரே இழுப்பில் கழல வேண்டும். ஒன்றுக்காக இறுக்கினால் மற்றது கடினமாகும். வாங்கும்போது இந்த இழுபறிதான் மனதில் இருக்க வேண்டும்.

ஏரிக்கு நைலான் போதும். பாறையாற்றுக்கும் கடலலைக்கும் நியோப்ரீன் என்ற நீளும் செயற்கை ரப்பர்தான். நைலான் தொய்யும், தொய்வில் தண்ணீர் தேங்கும். அந்தக் கனத்தின் மேல் இன்னொரு அலை இடித்தால் துணி உள்ளே அமுங்கி, அதன் ஓரம் காக்பிட் விளிம்பை விட்டு நழுவிவிடும். பிறகு படகு நிறையத் தண்ணீர்தான். நியோப்ரீனும் மத்தளத் தோல் போல விறைப்பாக நின்றால்தான் பயன்.

அளவு இரண்டு: காக்பிட் விளிம்பின் நீள அகலம் ஒன்று, உங்கள் இடுப்பு இன்னொன்று. இரண்டையும் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் சொந்தப் படகிலேயே மாட்டிப் பாருங்கள்.

ஓரத்தில் எலாஸ்டிக் கயிறு வைத்தவை மாட்டவும் கழற்றவும் எளிது. கற்றுக்கொள்பவர்களுக்கு அதுவே சரி. கெட்டியான ரப்பர் பட்டை வைத்தவை பெரிய அருவிக்கும் முரட்டு அலைக்கும் தாங்கும். ஆனால் கைவலுவும் பழக்கமும் இல்லாதவர் அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது ஆபத்து.

புதியது முதலில் மாட்டவே வராது. நனைத்து, படகில் மாட்டி, ஓரிரவு விட்டுவிடுங்கள், சற்று இளகும். மாட்டும்போது முதுகுப் பக்கம் முதலில், அடுத்து முன்பக்கம், கடைசியில் பக்கவாட்டு. முடித்ததும் முன்னால் இருக்கும் இழுப்பு வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அது உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி அடைபடும். ஒவ்வொரு முறையும், அவசரத்திலும், பாருங்கள்.

கழற்றும்போது பலர் வளையத்தை நேராக வயிற்றை நோக்கி இழுக்கிறார்கள். ஓரம் விளிம்பின் உதட்டுக்கு அடியில் கொக்கி போல மாட்டியிருப்பதால் அது வராது. முதலில் படகின் மூக்கை நோக்கி முன்னால் தள்ளுங்கள், அப்படியே மேலே தூக்குங்கள், பிறகு இழுங்கள். வளையம் கைக்குச் சிக்காவிட்டால் பக்கவாட்டில் துணியைக் கொத்தாகப் பிடித்து ஓரத்தைக் கிளப்பிவிட வேண்டும். புல்தரையில் கண்ணை மூடி, ஈரக் கையோடு, ஒரு கையால் பத்து முறை பழகுங்கள். அதன்பின் இடுப்பளவு அமைதியான நீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, கவிழ்ந்து பாருங்கள். அங்கே தடுமாறினால் இன்னும் இளகிய ஓரம் கொண்டதற்கு மாறுங்கள்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் ரப்பர் வெடிக்கும். வளையத்தின் தையல் பிரிந்திருந்தால் தைத்த பிறகே மறுபடி தண்ணீருக்கு எடுத்துச் செல்லுங்கள்.